ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி

மனிதரை நகலெடுப்பதைத் தடை செய்ய நம் நாட்டில் தனிச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று டிவியில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவியிருந்தேன். அம்மா முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு உருவிக்கொண்டே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் சீரியல் ஓடும். சீரியலை விட்டுவிட்டு அம்மா விவாதம் பார்க்கிறாள் என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"என்னத்தத் தடை பண்ணப் போறாங்களாம்?" என்று கேட்டாள்.

"மனுசங்களக் குளோனிங் பண்றதம்மா. ஒரு ஆளோட ஒடம்புலருந்து செல்லு எடுத்து, அவங்கள மாதிரியே இன்னொரு ஆள உண்டாக்குறது."

"அச்சு அசலா அதே மாதிரியா?"

"அதே மாதிரி."

கீரை உருவிய கை நின்றுவிட்டது. "அதுல யாருக்கு என்ன கெடுதல்? அத எதுக்குத் தடை பண்ணணும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். டிவிக்கு மேலே அக்காவின் படம் மாட்டியிருந்தது. பொட்டு வைத்து, மாலை போட்டு, சின்ன விளக்கு எரியவிட்டிருந்தோம். அந்தப் படத்தில் இருப்பது என் முகம்தான். புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு தண்ணீர் கேட்பார்கள்.

அக்காவும் நானும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். ஒரே முகம், ஒரே உயரம், முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரே சின்ன இடைவெளி. அவள் கொஞ்சம் முந்திக்கொண்டாள், அதனால் அக்கா. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஆயுசு முழுவதும் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். நான் பெரும்பாலும் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டேன். அதற்கும் அவள் 'என்னடி' என்று சிரித்த முகத்தோடு திரும்புவாள். என் மூக்குக் கண்ணாடியை விட்டால், எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ரேஷன் கடை வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் நான் சண்டை போடுவேன், அவள் இன்னும் ஓர் அடி தள்ளி நின்று இடம் கொடுப்பாள்.

அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் குழம்பிவிடக் கூடாது என்று என்னை அடுத்த தெருவில் சித்தப்பா வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். கேசரியும் பஜ்ஜியும் மட்டும் தூக்குவாளியில் எனக்கு வந்தன. மச்சான் என்னை முதன்முதலாகப் பார்த்தது நிச்சயதார்த்தத்தன்றுதான். பார்த்ததும் மனிதர் பாவம், நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மச்சானுக்கு ஊர் நார்த்தாமலைப் பக்கம். கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை. வீட்டில் அவருடைய மூத்த அக்கா இருந்தார். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். எனக்கு மதினி முறை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அக்காவோ அடுத்தவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லத் தெரியாதவள். எனவே அந்த வீடு சண்டை சச்சரவில்லாமல் ஓடியது. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

அந்தக் குழந்தையிடம் மட்டும் எங்கள் முகம் செல்லுபடியாகவில்லை. பேச்சு வராத வயதிலேயே, நான் தூக்கினால் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிடும். ஊர்க்காரர்கள் இதை ஒரு வேடிக்கையாக வைத்துக்கொண்டார்கள். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்து, அன்னவாசல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுப்பவள் நான். வாசனை, குரல் என்று எதையாவது காரணம் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் பெரிதானதும் எனக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டுதல் வந்துவிட்டது. அவளுக்கு நான் சித்தி. விளையாட்டுக்குக்கூட மாற்றிக் கூப்பிட்டதில்லை.

அவளுக்கு நாலு வயது நடக்கும்போது, அடைமழைக் காலத்தில், அக்கா காய்ச்சல் என்று படுத்தாள். திருச்சிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து வந்தேன். அவ்வளவுதான் என்னால் அதைப்பற்றி எழுத முடிகிறது.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் அதிகம் அழுதார்கள். அக்காவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், தொட முடியாது. நான் வெளியே இருந்தேன். வந்த பெண்கள் ஒவ்வொருவரும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, 'என்னப் பெத்த மகளே, இப்புடிப் போயிட்டியே' என்று என் முகத்துக்கு நேரே அழுதார்கள். நான் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. சாவு வீட்டில் அப்படியெல்லாம் கத்த முடியுமா? நின்றுகொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த அன்றே மதினி பேச்சை எடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம்.

"வெளிய எங்கிட்டும் போயிப் பாக்க வேணாம். நம்மளுக்குன்னு கடவுளே ரெண்டாக் குடுத்திருக்கான். ஒண்ண எடுத்துக்கிட்டான், ஒண்ண வச்சிருக்கான். புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. வருசத் திதி கழியட்டும், முடிச்சிருவோம்."

யாரும் திடுக்கிடவில்லை. அக்கா போன இடத்துக்குத் தங்கையைக் கொடுப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாதே என்றுதான் செய்கிறார்கள். அப்படிப் போய் நன்றாகவே வாழ்ந்த பெண்களை எனக்கும் தெரியும். அவர்களை நினைத்து நான் கோபப்பட்டதும் இல்லை. ஆனால் அவர்கள் எல்லாம் தங்கையாகப் போனார்கள். என்னைத் தங்கையாக யாரும் கேட்கவில்லை. இருந்தவளே இருக்கிற மாதிரி இருக்கும் என்றுதான் கேட்டார்கள்.

மதினி கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பேச்சில் ஊசி வைக்கத் தெரிந்தவர். போகும்போது அம்மாவிடம் தனியாகச் சொன்னார். "இவ மாட்டேன்னுட்டா வேற எடம் பாக்கத்தான் வேணும். தம்பிக்கும் வயசு இருக்கு. வாரவ எப்புடி இருப்பாளோ, புள்ளைய என்ன பாடு படுத்துவாளோ. அப்புறம் நீங்க இங்கிட்டு வந்து போறதெல்லாம் அவ இஷ்டம்."

அம்மா அதை அப்படியே என்னிடம் வந்து ஒப்பித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையை இழக்க எனக்குப் பயமாக இருந்தது. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவேன். வாசல் கம்பிக் கதவில் தொற்றிக்கொண்டு நிற்பாள். 'சித்தி வந்துட்டாங்க' என்று அவள் போடும் சத்தத்தைக் கேட்கத்தான் அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் தாங்கிக்கொண்டு இருப்பேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

மச்சான் நீண்ட விடுப்பு வாங்கி ஊரிலேயே இருந்தார். என்னோடு பேசினால் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு சனிக்கிழமை கொல்லைப்புறத்தில் குழந்தையின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்தவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏம்மா, துண்டு எங்க?" என்று கேட்டார். அது அக்காவை அவர் கூப்பிடும் விதம். கேட்டவுடனே அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நான் எழுந்து போய், உள்ளே கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்.

எனக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன், வந்தது பயம். துண்டு எங்கே என்று நான் தேடவே இல்லை.

டிவியில் சட்டத்தைப் பற்றிக் கூச்சல் போட்ட அந்தச் சாயங்காலம் நான் இந்த நிலையில்தான் இருந்தேன். அம்மா விடவில்லை. "கேக்குறேன்ல, அதுல என்ன கெடுதல்?" என்றாள் மறுபடியும்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல அவளுக்குச் சொன்னேன். "அம்மா, நீ நெனக்கிற மாதிரி போனவங்க எந்திரிச்சு வர்றது இல்ல அது. பச்சப்புள்ளையாத்தான் பொறக்கும். மூஞ்சி மட்டும் அதே மூஞ்சி. நெனப்பு, கொணம், பழக்கம் எதுவும் வராது. கிட்டத்தட்ட காலந்தாழ்ந்து பொறந்த ரெட்டப்புள்ள மாதிரி. இந்தா நான் இருக்கேன்ல? ஒரே மூஞ்சிதான? நான் அவளா?"

அம்மா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"நீ அவளா இருந்துட்டா என்னடி?" என்றாள்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று கேட்கும் குரலில்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பெற்றவள் கேட்கக் கூடாத கேள்வி என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேறு எதைக் கேட்பாள் என்றும் தோன்றும். இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சமயம் மாதிரி நாடாளுமன்றம் நடத்த வேண்டியிருந்தது. பிள்ளைகளே பிரதமர், அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், அவைத்தலைவர் என்று வேஷம் கட்டி ஒரு மசோதாவை விவாதித்து ஓட்டெடுப்பு நடத்துவார்கள். தலைமையாசிரியரும் அந்த டிவி விவாதத்தைப் பார்த்திருந்தார். "இந்த வருசம் மனிதக் குளோனிங் தடை மசோதா. ஒங்க சப்ஜெக்ட்டுதான டீச்சர், நீங்களே எழுதிக் குடுத்துருங்க. ரெண்டு பக்கத்துக்கும் பாயிண்ட்டும் நீங்களே குடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் அதைக் கோபத்தோடு எழுதினேன், அதனால் வேகமாக முடிந்தது. குளோனிங் முறையில் மனிதரைப் பிறக்கச் செய்வது குற்றம். அதற்கென ஆய்வுக்கூடம் நடத்துவது குற்றம். அதற்காகக் கருவைச் சுமக்கச் சொல்லி ஒரு பெண்ணை அமர்த்துவது குற்றம். நோய் தீர்ப்பதற்கான செல் ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. கடைசியாக என் கை தானாக ஒரு பிரிவு எழுதியது. இறந்த ஒருவருக்கு ஈடாக இன்னொருவரை உருவாக்குவதோ, உயிரோடு இருக்கும் ஒருவரை இன்னொருவராக வாழும்படி வற்புறுத்துவதோ கூடாது.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். கடைசிப் பிரிவின் முதல் பாதிக்குத் தலையாட்டினார். பின்பாதியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"நகலெடுக்குறதத்தான டீச்சர் தடை பண்றோம்? இது என்ன, குடும்ப விசயம் மாதிரில இருக்கு. இதெல்லாம் சட்டத்துல வராது."

அவர் சொன்னது சரிதான். சட்டம் ஆய்வுக்கூடத்துக்குள் போகும், ஆஸ்பத்திரிக்குள் போகும். மதினி வீட்டு நடுக்கூடத்துக்குள் வந்து உட்காராது. நான் தலையாட்டிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன்.

விவாதம் நன்றாகவே நடந்தது. பிளஸ் டூ மாணவி ஒருத்திதான் எதிர்க்கட்சித் தலைவர். நல்ல கணீர்க் குரல். "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே! தாயை இழந்து தவிக்கும் ஒரு குழந்தைக்கு அந்தத் தாயைத் திருப்பிக் கொடுக்க அறிவியலால் முடியும் என்றால், அதைத் தடுக்க இந்த அரசு யார்?" என்று கேட்டாள். கூரை அதிர்கிற மாதிரி கைதட்டல். எழுதிக் கொடுத்தது நான்தான். அம்மாவின் கேள்வியைத்தான் கொஞ்சம் நல்ல தமிழில் மாற்றியிருந்தேன்.

சட்ட அமைச்சராக இருந்த பையன் எழுந்தான். நான் எழுதிக் கொடுத்ததைத் திக்காமல் சொன்னான். "திருப்பிக் கொடுக்க முடியாது என்பதுதான் எங்கள் வாதமே. பிறப்பவர் வேறு ஒருவர். அந்த வேறு ஒருவரிடம் போய், நீ உன்னை மறந்துவிட்டு இறந்தவரைப் போல இரு என்று நாம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்போம். இந்தச் சட்டம் இழந்தவர்களுக்கு எதிரானது அல்ல. பிறக்கப்போகும் அந்த ஆளுக்கு ஆதரவானது."

அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையிலிருந்து எழுதிக் கொடுக்காத கேள்வி ஒன்று வந்தது. "அப்ப ரெட்டப் புள்ளைங்களையும் தடை பண்ணுவீங்களா?" ஹால் முழுவதும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே நிறையப் பேர் என் பக்கம் திரும்பினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள், தெரியாதவர்கள் தொடர்ந்து சிரித்தார்கள். அவைத்தலைவர் மேசையைத் தட்டினார். மசோதா பெரும்பான்மையோடு நிறைவேறியது. பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தால் மதினி உட்கார்ந்திருந்தார். படையலுக்கு நாள் குறித்துச் சொல்ல வந்திருந்தார்.

சுமங்கலியாகப் போன பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டு, புதுச்சேலை, வளையல், பூ, மஞ்சள் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். கும்பிட்டு முடித்ததும் அந்தச் சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளே வந்து கட்டிக்கொண்டதாக ஐதீகம். யார் கட்டுவது என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. "அன்னைக்கே பூவும் வச்சு பேச்ச முடிச்சிரலாம்" என்றார் மதினி.

அந்தப் படையலுக்கு நான் சம்மதம் சொல்லத்தான் போனேன். யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. எவளோ ஒருத்தி வந்து, சனிக்கிழமை நான் போய் நிற்கும்போது கதவைத் திறக்காமல் இருப்பதை நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. மச்சான் நல்ல மனிதர். குழந்தைக்காக இருந்துவிட்டுப் போகிறேன், என் கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டால் போகிறது என்று பஸ்ஸில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு போனேன்.

படையலில் எலுமிச்சைச் சோறும் பணியாரமும் மணத்தன. மாம்பழ நிறத்தில் சேலை. அக்கா கடைக்குப் போனால் அந்த நிறத்தைத்தான் முதலில் எடுப்பாள். எனக்கு அந்த நிறம் ஆகவே ஆகாது. கும்பிட்டு முடித்ததும் மதினி சேலையை எடுத்து என் கையில் கொடுத்து உள்ளறைக்கு அழைத்துப் போனார். அவரே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டார். அக்கா எடுக்கிற மாதிரி நேர் வகிடு எடுத்து, பூ வைத்துவிட்டார். பிறகு, "அந்தக் கண்ணாடியக் கழட்டுத்தா" என்றார். அக்காவுக்குக் கண்ணாடி கிடையாது. கழற்றினேன். கண்ணாடி இல்லாவிட்டால் எட்ட இருக்கிற எதுவும் எனக்குத் தெளிவாகத் தெரியாது.

கூடத்துக்கு வந்தபோது ஆட்கள் எல்லாம் நிறம் நிறமாகக் கலங்கித் தெரிந்தார்கள். யாரோ ஒரு பெண் 'ஆத்தாடி' என்று விம்மினாள். அம்மாவின் குரலும் கேட்டது. மதினி குழந்தையை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"யாரு வந்திருக்கா பாரு? சொல்லு, யாரு?"

குழந்தையின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, தலை மட்டும் ஒருமுறை மதினியின் பக்கம் திரும்பியது தெரிந்தது. பிறகு, "அம்மா" என்றாள்.

கூடமே அழுதது. "பாத்தீங்களா? புள்ளைக்கே தெரியுது" என்று மதினி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். எனக்கும் ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து கையை விரித்தேன். அவள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதுக்குள் சூடாக மூச்சு பட்டது.

"சித்தி, சரியாச் சொல்லிட்டேனா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "அப்புடிச் சொன்னா அப்பா கத்தாருக்குப் போவ மாட்டாங்களாம். அத்தை சொன்னாங்க."

நான் ஒரு வேஷம் கட்டிக்கொள்வதாகத்தான் இதுவரை கணக்குப் போட்டிருந்தேன். எனக்கு முன்னாலேயே இவளுக்கும் ஒரு வேஷம் கட்டிவிட்டார்கள். நான் சரி என்றால், இந்தப் பிள்ளை தினமும் தெரிந்துகொண்டே என்னைப் பார்த்துப் பொய் சொல்லி வளர வேண்டும். அப்பாவைப் பிடித்துவைக்க அவள் கொடுக்க வேண்டிய விலை அது. எனக்குக் கோபம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"மதினி, நான் இவளுக்குச் சித்தி. சித்தியாவே இருக்கேன். வளக்கச் சொல்லுங்க, வளக்குறேன். படிக்க வைக்கிறேன். ஆனா நான் அவ இல்ல. என்னால அவளா இருக்க முடியாது. இவள அப்புடிச் சொல்ல வைக்காதீங்க."

"சாமி முன்னாடி நின்னுக்கிட்டு என்னா பேச்சுடி பேசுற?" என்று மதினி எகிறினார். "ஓங்கக்கா சேலையக் கட்டிக்கிட்டு..." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் மச்சானைப் பார்த்தேன். நிலைக்கதவில் சாய்ந்து நின்றிருந்தார். வேதனைப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "விடுக்கா" என்றார் மதினியிடம். "அது சொல்றதுதான் சரி. என்னாலயும் முடியாது."

அதன்பிறகு அம்மா பல மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், வேணுமா என்று கேட்கமாட்டாள். மச்சானுக்குக் கீரனூர்ப் பக்கம் பெண் பார்த்துக் கட்டினார்கள். கட்டிய கொஞ்ச நாளில் அவர் கத்தாருக்கும் போய்விட்டார். குழந்தை அன்றைக்கு என்னை அம்மா என்று கூப்பிட்டும் அவர் நிற்கவில்லை, தினமும் கூப்பிட்டிருந்தாலும் நின்றிருக்கமாட்டார், வேலை அப்படி. வந்த பெண் மதினி பயமுறுத்திய மாதிரியெல்லாம் இல்லை. அமைதியான பெண். நான் போனால் காபி போட்டுக் கொடுப்பாள். ஆனால் இன்னொருத்தி குடித்தனம் நடத்துகிற வீட்டுக்கு வாராவாரம் போய் நிற்க முடியுமா? மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆகி, இப்போது நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் போகிறேன். குழந்தை அவளை அம்மா என்று கூப்பிடுகிறாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தும் வலித்தது.

அந்தச் சட்டம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. டிவியில் அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசியதாக ஞாபகம் இல்லை.

போன கோடை விடுமுறைக்குக் குழந்தையைப் பத்து நாள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், இரண்டு பல் விழுந்து முளைத்திருக்கிறது. ஒருநாள் மத்தியானம் கரண்டு இல்லை. இருவரும் தரையில் துண்டை விரித்துப் படுத்து, அவள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சிரிப்பை நிறுத்தி என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"சித்தி, எங்கம்மா எப்புடிச் சிரிப்பாங்க?"

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"நல்லாச் சிரிப்பா" என்றேன்.

"சிரிச்சுக் காட்டுங்க."

கூட்டம் கூடிய வீட்டில், சாமிக்கு முன்னால் நின்று முடியாது என்று சொன்னவள் நான். இவள் கேட்டபோது அந்த வார்த்தை வரவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் தலையைச் சாய்த்தேன், கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனேன், சிரித்தேன். அவள் இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"இப்புடித்தானா சித்தி?" என்று என்னையே கேட்டாள்.

எனக்குத் தெரியாது. அக்கா சிரித்தபோதெல்லாம் நானும் கூடவே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவளைப் பார்த்துவைக்கவில்லை.

"ஆமா, இப்புடித்தான்" என்றேன்.